பாட்டியும் பேரனும் ஒரே கூரையின்கீழ்

மேடையிலே நகைச்சுவை வேண்டுமென்றால் நாடக ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு உறவுகளையே நாடுவர். ஒன்று கணவன் மனைவி. மற்றது மாமியார் மருமகள். இவ்விரண்டிலும் பிணக்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. பிணக்கு உள்ள இடத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. பாட்டியையும் பேரனையும் நடுநாயகமாக வைத்து ஒரு முழு நாடகத்தை நடத்தத் துணிந்தோர் மிகச் சிலரே. காரணம் வெளிப்படை. இவ்வுறவிலே பகை இல்லை; உரிமைப் போட்டி இல்லை; ஒருவரையொருவர் வெல்லவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. பாட்டி சீராட்டுவாள், பேரன் சலுகை பெறுவான். இதில் நாடகம் ஏது என்று கேட்கத் தோன்றும்.

இக்கேள்விக்கு நல்ல விடையாக அமைந்திருப்பது ‘நாலாயிரம் மைல்கள்’ என்னும் அமெரிக்க நாடகம். அதைப்பற்றி இவ்வாரம் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதியோர் ஒருவர் மேடையில் தோன்றியவுடனே சபையோர் சிரிக்கத் தொடங்கிவிடுவதை நாம் பல விழாக்களிலே கண்டிருக்கிறோம். பொக்கை வாய், கூன் முதுகு, செவிட்டுக் காது ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தை ஓட்டிவிடலாம் என்பது பல நாடக மன்றத்தாரின் நம்பிக்கை. ‘நாலாயிரம் மைல்கள்’ நாடகத்துப் பாட்டிக்கும் பல் இல்லை, காது மந்தம், பேசும்போது சொற்கள் மறந்துபோகின்றன. ஆயினும் அவள் முன்னிலையில் எழும் சிரிப்பு வேறு வகையானது. அந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

இந்நாடகத்தை எழுதியவர் ஏமி ஹேர்ஸொக் என்னும் பெண்மணி. 1979ஆம் ஆண்டிலே பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தின் நாடகக் கல்லூரியிற் பயின்றவர். 2011ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் லிங்கன் சென்ரர் அரங்கத்தார் இதனை முதன்முதலாக மேடையேற்றினர். 2012இல் சிறந்த புதிய அமெரிக்க நாடகத்துக்கான ஓபி விருது இதற்குக் கிடைத்தது. 2013இல் புலிற்சர் பரிசுக்கான இறுதித் தேர்விலும் இடம் பெற்றது. நாடகத்தில் வரும் பாட்டிக்கு ஆசிரியை தம் சொந்தப் பாட்டியாரையே முன்மாதிரியாகக் கொண்டார். 2010இல் மேடையேறிய ‘புரட்சிக்குப் பின்’ என்ற அவருடைய முந்திய நாடகத்திலும் இதே மூதாட்டி தோன்றுகிறாள்.

கதை மிக எளியது. இரவு மூன்று மணி. நியூயோர்க்கின் கிறீனிச் வில்லேஜ் பகுதியிலே ஒரு பழைய மாடி வீடு. 91 வயதான வீரா கதவைத் திறக்கிறாள். வெளியே 21 வயதுப் பேரன் லியோ துவிச்சக்கர வண்டியோடு நிற்கிறான். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாற்றில் நகரிலிருந்து கிழக்குக் கரை வரையில் வண்டியை மிதித்தே வந்திருக்கிறான். நாடகத்தின் பெயரிலுள்ள நாலாயிரம் மைல் அதுவே. வருவதாக அவன் ஒரு சொல்லும் அறிவிக்கவில்லை. நீராடிப் பல நாளாயிற்று என்பதும் அவனைக் கண்டவுடனே தெரிகிறது. பாட்டியோ பேரனைக் கண்டதும் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். வியப்பினால் மூடினாள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. பொய்ப்பல்லை இரவிலே கழற்றி வைத்திருக்கிறாள்; பல்லில்லாத வாயைப் பேரன் காணக்கூடாது!

இதிலே சிரிப்பு எழுகிறது. ஆனால் சிரிப்பை எழுப்புவது பொக்கை வாயன்று; அதனை மறைக்க முந்திக்கொண்ட கை. நடுச்சாமத்தில் எதிர்பாராத விருந்தாளி வந்த வேளையிலும் தன் தோற்றத்தின் கௌரவத்தைக் காத்துக்கொள்ள நினைக்கும் ஒரு பெண்ணை நாம் காண்கிறோம். கிழவி என்ற பொதுப் பெயர் அந்தக் கணத்திலே மறைந்து, வீரா என்ற தனி மனுஷி மேடையில் நிற்கிறாள்.

ஓரிரவு தங்க வந்த பேரன் பல வாரங்கள் தங்கிவிடுகிறான். நாடகம் முழுவதும் அந்த வீட்டின் முன்னறையிலேயே நிகழ்கிறது. வீரா இளமையிலே பொதுவுடைமைக் கொள்கையை ஏற்றவள். இறந்துபோன கணவனும் அவ்வாறே. வீட்டிலே நிறைந்திருக்கும் நூல்கள் அதற்குச் சாட்சி. லியோ இயற்கை வாழ்வையும் மலையேற்றத்தையும் போற்றும் புதிய காலத்து இளைஞன். உலகம் திருந்தவேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். ஆனால் லியோவின் கொள்கைகளுக்குக் கட்சியுமில்லை, கூட்டமுமில்லை; அதைக் கண்டு பாட்டி தலையசைக்கிறாள். அவளுடைய கொள்கை உலகிலே பெற்ற பேரையோ பேரன் அரைகுறையாகவே அறிவான். ஒருநாள் அவன் சீன வமிசத்துப் பெண்ணொருத்தியை வீட்டுக்கு அழைத்து வருகிறான். அது கம்யூனிஸ்டுகளின் வீடு என்று அறிந்ததும் அவள் வெகுண்டெழுகிறாள். அவளுடைய குடும்பத்தின் அனுபவம் அத்தகையது. பாட்டியின் வாழ்நாட் கனவு அந்தப் பெண்ணின் வீட்டிலே துன்பக் கதை. இத்தனையும் சில நிமிடச் சிரிப்புக்குள் அடங்கிவிடுகின்றன.

லியோவின் மனத்திலே ஒரு பெருந்துயர் இருக்கிறது. அவனோடு புறப்பட்ட உயிர்த்தோழன் மைக்கா, வழியிலே லொறி விபத்தொன்றில் அவன் கண்ணெதிரே இறந்துவிட்டான். லியோ பயணத்தை நிறுத்தவில்லை. நண்பனின் இறுதிச் சடங்குக்கும் போகவில்லை. வண்டியை மிதித்துக்கொண்டே கடலைத் தேடி வந்துவிட்டான். தாயிடம் அவன் பேச மறுக்கிறான். அன்பு செலுத்திய பெண்ணிடமும் சொல்ல முடியவில்லை. அவள் அவன்மீது கோபமாயிருக்கிறாள். அந்தக் கோபம் நியாயமானது. இனி இந்தத் துயரை அவன் யாரிடம் இறக்கி வைப்பது?

ஓரிரவு, விளக்கணைத்த அறையிலே, பாட்டியின் அருகில் அமர்ந்து அவன் அந்தக் கதையைச் சொல்கிறான். நாடகத்திலே மிக நீண்ட பேச்சு இதுவே. சொல்லிக்கொண்டு வரும்போது குரல் தடுமாறுகிறது; சபை மூச்சடங்கிக் கேட்கிறது. அவன் முடித்ததும் சிறிது மௌனம். பின்னர் பாட்டி மெல்லச் சொல்கிறாள்: காதிலே கேட்கும் கருவியை மாட்டவில்லை, ஆகையால் அவன் சொன்னவற்றிற் பலவற்றைத் தான் கேட்கவில்லை!

சபை வெடித்துச் சிரிக்கும் இடம் இது. செவிட்டுக் காதை வைத்துச் செய்த வேடிக்கைகள் நாடக உலகிலே ஆயிரம் உண்டு. அவற்றிலே பெரும்பாலும் ஒன்றைச் சொல்ல மற்றொன்றாகக் கேட்டு உளறுவதே வேடிக்கை. இங்கே அப்படியில்லை. பேரன் தன் வாழ்விலேயே சொல்லுதற்கரிய ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டான். முழுவதையும் கேட்டிருந்தால் பாட்டி என்ன செய்திருப்பாள்? அறிவுரை கூறியிருக்கலாம், சடங்குக்குப் போகாதது பிழையென்று கண்டித்திருக்கலாம், அழுதிருந்தால் அவளைத் தேற்றும் பொறுப்பும் அவன் தலையிலே விழுந்திருக்கும். அவள் செய்ததோ ஒன்றே. இருளிலே அவன் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அளவு அவனுக்குப் போதுமானதாயிற்று. சிரித்து ஓய்ந்தபின் நமக்கு இது புலப்படுகிறது. கண் கலங்குவதும் அப்போதுதான்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்தார். பிறரை இகழும் எள்ளல் அவற்றுள் ஒன்று. இளமையும் ஒன்று. மாணவர் கவனிக்கவேண்டியது யாதெனில், அந்த நான்கினுள் முதுமை இல்லை. முதுமையைக் கண்டு சிரிக்கும்போது நாம் உண்மையிலே எள்ளலைத்தான் செய்கிறோம். எள்ளுவதற்கு முதியவர் அகப்பட்டார், அவ்வளவே. ஏமி ஹேர்ஸொக்கின் நாடகத்திலே சிரிப்பின் பெரும் பகுதி இளமையிலிருந்து வருகிறது. தன் கொள்கையிலே ஐயமே இல்லாத இளைஞன், தன்னைப்போல் துன்பப்பட்டவர் வேறெவருமில்லை என்று கருதும் இளைஞன், 91 வயதுப் பெண்ணுக்கு வாழ்க்கையை விளக்க முற்படும்போது அது நகைப்புக்கு இடமாகாமல் என் செய்யும்! தமிழிலக்கணம் கூறும் நெறியை இந்த அமெரிக்க ஆசிரியை அறிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல நகைச்சுவை எங்கே எழுதப்பட்டாலும் அந்த நெறிக்குள் வந்து நிற்கிறது.

இலையுதிர் காலத்துச் சமவிராத் திரிநாளை முன்னிட்டுப் பாட்டியும் பேரனும் சேர்ந்து கஞ்சா புகைக்கும் காட்சியொன்றும் இதில் உண்டு. நம் குடும்பங்களுக்கு அதனை எடுத்துக்காட்டாகக் கூற நாம் முன்வரவில்லை. ஆயினும் அந்த மயக்கத்திலே பாட்டி தன் இல்லற வாழ்வைப்பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசும் பேச்சு, பேரன் அவளை வேறு கண்ணால் நோக்குவதற்குக் காரணமாகிறது. தன் பாட்டியும் ஒருகாலத்திலே காதலித்தவள், ஏமாந்தவள், பொறுத்துக்கொண்டவள் என்பதை எந்தப் பேரன் எளிதில் நினைத்துப் பார்க்கிறான்?

இந்நாடகத்திலே மேடைக்கு வராத பாத்திரம் ஒன்று உண்டு. வீராவின் வாசலுக்கு எதிர்வாசலில் வசிக்கும் ஜின்னி என்ற மூதாட்டி. இரு கிழவியரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றனர். ஒருநாள் மாலை இவள் தொலைபேசியில் அழைப்பாள். மறுநாள் மாலை அவள் அழைப்பாள். நலம் விசாரிப்பதற்கன்று, இருவரும் உயிரோடிருக்கின்றனரா என்று அறிவதற்கு. ஒருவர்மீது ஒருவருக்குப் பெரிய பிரியமும் இல்லை. தனிமையில் வாழும் முதியோரின் நிலைமையை எத்தனை புள்ளிவிவரங்கள் சொன்னாலும் இந்த ஒரு தொலைபேசி ஏற்பாட்டைப்போல் நெஞ்சிலே தைக்கமாட்டா. முடிவிலே ஜின்னி இறந்துவிடுகிறாள். அவளுடைய நினைவுக் கூட்டத்திலே பேசுவதற்கு லியோ சில வார்த்தைகளை எழுதிப் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறான். உயிர்த்தோழனின் சடங்குக்குப் போகாத அதே பையன், நன்கு அறியாத ஒரு கிழவிக்காகப் பேச எழுந்து நிற்கிறான். அவன் மாறிவிட்டான் என்று யாரும் வாயாற் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1991ஆம் ஆண்டிலே, நீல் சைமன் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நாடக ஆசிரியர் இதே உறவை வேறு கோணத்திலிருந்து நோக்கினார். ‘லொஸ்ற் இன் யொங்கேர்ஸ்’ என்ற அந்த நாடகம் அவ்வாண்டின் புலிற்சர் பரிசையும் ரோனி விருதையும் ஒருங்கே பெற்றது. 1993இல் திரைப்படமாகவும் வந்தது. கதை நிகழும் ஆண்டு 1942. மனைவியின் நோய்க்காகப் பட்ட கடனை அடைக்கத் தந்தை தொலைதூரம் சென்று உழைக்கவேண்டியிருக்கிறது. தாயை இழந்த இரு பையன்களைத் தன் தாயிடம் விட்டுப் போகிறான். அந்தப் பாட்டியோ மிட்டாய்க் கடையொன்றை நடத்துபவள், இரும்பு நெஞ்சினள். கடையின் மேல்மாடியிலே பையன்கள் பத்து மாதம் கழிக்கவேண்டும். காய்ச்சலில் கிடக்கும் இளைய பேரனுக்குக் கடுகுச் சூப்பை வற்புறுத்திப் புகட்டும் காட்சி பெருஞ்சிரிப்பை எழுப்புவது.

மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் முன்னர்க் கசக்கும், பின்னர் இனிக்கும் என்று நம்மவர் சொல்வதுண்டு. நீல் சைமனின் கடுகுச் சூப்பு பின்னரும் இனிக்கவில்லை. அதுவே அவ்வாசிரியரின் நேர்மை. பாட்டி கடைசிவரையிலும் கடுமையானவளாகவே இருக்கிறாள். ஆனால் சிறுமியாயிருந்தபோது பெர்லின் நகரத்துக் கூட்டமொன்றிலே குதிரை விழுந்து அவள் கால் நசுங்கிய செய்தியும், பெற்ற பிள்ளைகளுள் இருவரைப் பறிகொடுத்த செய்தியும் பையன்களுக்கும் நமக்கும் தெரியவருகின்றன. இனி எதையும் இழக்கக்கூடாது என்பதற்காகவே அவள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டாள். அந்தக் கல் அவளுடைய மற்றப் பிள்ளைகளை எவ்வாறு நசுக்கியது என்பதையும் நாடகம் மறைக்கவில்லை. சூப்பு கசப்பாகவே இருக்கிறது. அதைச் சமைத்தவளைப் பேரப்பிள்ளைகள் அறிந்துகொள்கின்றனர்.

இரு நாடகங்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை தெரியும். இரண்டிலும் நடுத்தலைமுறை அகன்று நிற்கிறது. லியோவின் தாய் மேடைக்கு வருவதேயில்லை. யொங்கேர்ஸ் பையன்களின் தந்தை பெரும்பாலும் கடிதங்களிலேயே வாழ்கிறான். தாயோ தந்தையோ அறையிலே இருந்தால் பாட்டியின் சொல்லை அவர்கள் பேரனுக்கு விளக்குவர். பேரனின் குறையைப் பாட்டிக்கு மழுப்புவர். அவர்கள் இல்லாத இடத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்று பேசவேண்டியதாகிறது. தவறாக விளங்கிக்கொள்கின்றனர், கோபிக்கின்றனர், சிரிக்கின்றனர். மெல்ல மெல்ல அறிந்துகொள்கின்றனர். இரு தலைமுறைகளுக்கு இடையே பாலமாக இருப்பதாகப் பெற்றோர் எண்ணுகின்றனர். சில வேளைகளில் அவர்களே சுவராகவும் நின்றுவிடுகின்றனர் என்பதை இந்த இரு நாடகங்களும் சொல்லாமற் சொல்கின்றன.

இது நம் குடும்பங்களுக்கும் பொருந்தாத செய்தியன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர் சிதறிய நம்மவர் வீடுகளிலே ஆச்சி யாழ்ப்பாணத்திலும் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பது வழக்கமாகிவிட்டது. கிழமைக்கொரு முறை தொலைபேசியிலே பேச்சு நடக்கிறது. ‘அம்மம்மாவோடை கதை’ என்று தாய் கருவியை நீட்டுகிறாள். பிள்ளை இரண்டு சொல் சொல்கிறது. மூன்றாவது சொல்லுக்குத் தாய் குறுக்கிட்டு மொழிபெயர்க்கிறாள். நான்காவது சொல்லுக்குக் கருவி தாயின் கைக்குத் திரும்பிவிடுகிறது. இந்நாட்டிலேயே ஒரே வீட்டில் வாழ்வோரிடையிலும் நிலைமை பெரிதும் வேறன்று. ‘ஆச்சிக்குத் தொந்தரவு கொடுக்காதே’ என்று பேரனைத் தடுப்பதும், ‘அவனுக்குச் சோதனை வருகிறது’ என்று ஆச்சியைத் தடுப்பதும் பெற்றோரே.

பெற்றோருக்கு நாம் கூறவிரும்புவது இதுதான். கிழமையில் அரைமணி நேரம் அடுக்களைக்குப் போய்விடுங்கள். பிள்ளையின் தமிழ் உடைந்த தமிழாயிருக்கட்டும். ஆச்சிக்குப் பாதி கேளாமற் போகட்டும். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பின்னர் விசாரிக்கவும் வேண்டாம். பெற்றோரிடம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்கு வீட்டிலே ஓரிடம் இருக்கிறது என்று பிள்ளை அறிந்திருப்பது பெரும் பாதுகாப்பு. தன்னிடம் சொல்வதற்கும் ஒருவர் வருவார் என்று முதியவர் அறிந்திருப்பதும் அத்தகையதே.

மாணவ நாடக மன்றத்தாருக்கும் ஒரு சொல். முதல் மேடையேற்றத்திலே வீராவாக நடித்த மேரி லூயிஸ் வில்சன் அப்போது எண்பது வயதை நெருங்கியிருந்தார். 2023இல் இங்கிலாந்தின் சிச்செஸ்ரர் அரங்கிலே அதே பாத்திரத்தை ஐலீன் அற்கின்ஸ் ஏற்றபோது அவருக்கு வயது 88. அத்தகையோர் முதுமையை நடிக்கவேண்டியதில்லை. 17 வயது மாணவர் அதை நடிக்கத்தான் வேண்டும். அப்படி நடிக்கும்போது நரைமுடித் தொப்பியையும் நடுங்கும் குரலையும் தேடி ஓடாமல், முதலில் தம் வீட்டிலுள்ள முதியவரை ஒரு கிழமை கூர்ந்து கவனிக்கட்டும். கதிரையிலிருந்து எழுமுன் அவர் எங்கே கையை ஊன்றுகிறார்? மறந்துபோன சொல்லைத் தேடும்போது யாரைப் பார்க்கிறார்? விருந்தினர் வந்தால் முதலில் எதைச் சரிசெய்கிறார், சேலைத் தலைப்பையா, மூக்குக் கண்ணாடியையா? இவற்றை அறிந்தவன் கூன் போடாமலே ஒரு மூதாட்டியை மேடைக்குக் கொண்டுவந்துவிடுவான்.

கதைக்கும் வெகுதூரம் செல்லவேண்டாம். ஓர் அறை, இரண்டு கதிரை, ஒரு தொலைபேசி. ஒரு பாட்டி, ஒரு பேரன் அல்லது பேர்த்தி. பெற்றோர் ஊரில் இல்லை. பிள்ளையிடம் சொல்லவேண்டிய செய்தியொன்று இருக்கிறது. பாட்டியின் காதிலே கருவி இல்லை. அரைமணி நேர நாடகத்துக்கு இவ்வளவு போதும். இவ்வாண்டுக் கலைவிழாவுக்கு எந்த மன்றமேனும் இதை முயன்று பார்க்குமாயின், ஒத்திகைக்கு முதலில் அழைக்கவேண்டியவர்கள் தங்கள் பாட்டிமார்களே என்பதை மறவாதிருக்கட்டும். பிழையான இடத்தில் மாணவர் சிரித்தால் அதை உடனே கண்டு சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம்.